கையைக் கீழே வை

ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் ஊரின் சந்தியாகோ பேட்டைக்குள் நுழைந்து, பாட்டுக்குக் கைத்தாளம் போடுவதில் முதல் ஆள் யார் என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். ரெலோ என்பார்கள். ரெலோ என்றால் கடிகாரம். ரொசெந்தோ என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதியிருந்தது, அதோடு சரி.

அந்தப் பட்டம் சும்மா வந்ததல்ல. ரெலோ பள்ளிக்கூடம் போனது ஐந்தே மாதம். கையெழுத்துப் போடத் தெரியும், ஒரு பீப்பாய் எவ்வளவு கொள்ளும் என்று கண்ணால் பார்த்தே சொல்லத் தெரியும், இது போதும் என்று பிழைப்பில் இறங்கியவர். ஒன்பது வயதில் அடுத்தவன் பீப்பாய்ப் பட்டறையில் மரச்சீவல் பெருக்கப் போனார். நாற்பதாவது வயதில் அதே தெருவில் சொந்தப் பட்டறை போட்டார். இன்று அங்கே பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் சாராயத்தை ஊற்றி வைக்க அவருடைய பீப்பாய்க்கு எட்டு மாதம் காத்திருக்கிறார்கள். இதை அவர் வாயாலேயே கேட்காத ஆள் அந்தப் பேட்டையில் கிடையாது. கேட்டும் கேட்டும் சலித்தவர்கள் உண்டு; பொய் என்று சொன்னவர் இல்லை.

தாளமும் பட்டறையில் வந்ததுதான். பீப்பாய்க்கு இரும்பு வளையம் இறுக்குகிறவன் அதைச் சுற்றி நடந்துகொண்டே சுத்தியலால் அடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு அடி. எல்லா அடியும் ஒரே கனமாக விழுந்தால் வளையம் ஒருபக்கம் ஏறிவிடும். சில அடி பலமாக, சில அடி லேசாக விழ வேண்டும். அவர்களுடைய ஃபிளமெங்கோ பாட்டுக்கும் சுற்றுக்குப் பன்னிரண்டுதான், அதிலும் கனமும் லேசும் கலந்துதான் விழ வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவனுக்கு இது எண்ணிக்கை. ரெலோவுக்கு இது நடை. ஐம்பது வருஷம் பீப்பாயைச் சுற்றி நடந்தவரின் கைக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

சங்கம் என்று அவர்கள் சொல்வது பழைய ஒயின் கிடங்கு ஒன்றை. கல் சுவர், வளைவுக் கூரை, அறுபது நாற்காலி. ஒரு முழ உயரத்துக்குப் பலகை மேடை. மைக் கிடையாது, வைக்கவும் விடமாட்டார்கள். முன்வரிசையில் இருப்பவன் காலை நீட்டினால் பாடுகிறவரின் காலில் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அவர்களுக்கு நேரம். பின்கட்டில் கொண்டைக்கடலையும் கீரையும் பன்றி இறைச்சியும் ஒரே பானையில் கொதித்துக்கொண்டிருக்கும். பாட்டு முடிந்த பிறகுதான் தட்டு கைக்கு வரும். பாடும்போது கரண்டி சத்தம் கேட்டால் சமையல்காரனே ஓடிப்போய்க் கதவைச் சாத்துவான்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தப்பு செய்தால், அதாவது வரி முடிவதற்கு முன்பே பாராட்டி ஓலே என்று கத்திவிட்டால், அல்லது தாளம் புரியாமல் கை தட்டிவிட்டால், யாரும் திட்ட மாட்டார்கள். அறுபது பேரும் தரையைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு ஆளானவன் அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருப்பான்.

ரெலோ மட்டும் தரையைப் பார்த்ததில்லை. அவர் நேராகவே சொல்லிவிடுவார். ஒருமுறை ரயில்வே அதிகாரி ஒருவர் குஷியில் சேர்ந்து தட்டப் போக, ரெலோ மேடையிலிருந்தே, “ஐயா, குளிரா இருக்கு, கையப் பாக்கெட்டுல வச்சுக்கங்க” என்றார். சங்கம் சிரித்து உருண்டது. பத்து வருஷமாக அந்தக் கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரி அப்புறம் என்ன ஆனார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஐம்பது வருஷத்துச் சுத்தியல் ஒரு வேலையும் செய்திருந்தது. அவருடைய இடது காதை எடுத்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அறுபத்தேழு வயதில் சுத்தமாகப் போயிற்று. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடிகாரத்துக்குக் காது கேட்கவில்லை என்று பேட்டையில் பேச்சு வந்தால் அதன் பிறகு அது என்ன கடிகாரம்? மேடையில் எப்போதும் இடது ஓரத்தில், சுவரை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். பாடுகிறவர், கிதார், மற்றவர் கைத்தாளம் எல்லாம் வலது பக்கம் இருக்கும். அது அவருடைய ராசி நாற்காலி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவரும் நினைக்க விட்டார்.

மருமகன் ஹினேஸ் குழாய் வேலைக்காரன். சங்கத்தின் கழிப்பறைக் குழாய் வெடித்தபோது வந்தான். மகள் மிலாவைப் பார்த்தான். குழாய் மறுபடி மறுபடி வெடித்தது. எக்ஸ்த்ரெமதூரா பக்கத்துப் பையன், பேட்டைக்காரர்களின் ஹித்தானோ, அதாவது ஜிப்சி ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. ரெலோவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கல்யாணத்தில் அவன் கை தட்டியதைப் பார்த்து, “ரொட்டிக்கு மாவு தட்டுறான்” என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னார். ஹினேஸ் சிரித்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு ஆரம்பித்தான். வேலைக்குப் போகும் வண்டியில் ஸ்டியரிங்மேல் தட்டினான், தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு குழாய்மேல் ஸ்பேனரால் தட்டினான். யாரையும் சொல்லித்தரச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்பது வருஷம்.

கைத்தாளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடித்தாளம் போடுவார். அடி விழ வேண்டிய இடத்தில் விழும். இன்னொருவர் அந்த அடிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் எதிர்த்தாளம் போடுவார். இரண்டும் பின்னல்போலக் கோத்துக்கொண்டு ஓடும். ரெலோ அடித்தாளம். எதிர்த்தாளம் போட்டுவந்த பழைய கூட்டாளி மகனோடு இருக்க பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். யாரை உட்கார வைப்பது என்று சங்கம் கூடிப் பேசியபோது, கிதார் வாசிக்கும் நிசெத்தோதான் ஹினேஸ் பேரைச் சொன்னான். ரெலோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோதித்துப் பார்த்தார்கள். ஹினேஸின் கை இம்மி பிசகவில்லை. “பரவாயில்ல” என்றார் ரெலோ. அந்த ஒரு சொல்லை ஹினேஸ் வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் நாலு தடவை சொன்னானாம்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குஸ்தியாஸ் பாட வந்தார்.

அங்குஸ்தியாஸ் பேட்டையில் பிறந்து மத்ரீதில் பேர் வாங்கிய அம்மாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு பிறந்த மண்ணில் பாட வருகிறார். நாற்காலிகளுக்கு நடுவில் நிற்கவும் ஜனம் இருந்தது. கறுப்புச் சால்வையோடு மேடையேறிய அம்மாள் ரெலோ தன் ஓரத்து நாற்காலிக்குப் போவதைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார்.

“அங்க எங்கய்யா போற, சுவத்தோட பேசவா? கடிகாரம் என் வலது கைப்பக்கம் இருக்கணும். இந்தப் பக்கம் வா.”

அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மாட்டேன் என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. ரெலோ திரும்பி மேடையின் வலது ஓரத்துக்குப் போனார். இப்போது சுவர் வலது பக்கம். அம்மாளும், நிசெத்தோவின் கிதாரும், கிதாருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஹினேஸும், எல்லாம் செத்த காதின் பக்கம்.

முதல் பாட்டுக்குத் தாளமே கிடையாது, தப்பித்தார். இரண்டாவது சோலேயா. மெல்லப் போகும் பாட்டு, பன்னிரண்டும் தனித்தனியாகத் தெரியும், ஒளிந்துகொள்ள இடமில்லை. அம்மாள் கண்ணை மூடி, அழுகைக்கும் முனகலுக்கும் நடுவில் ஒரு குரலை எடுத்தார். ரெலோவின் கை ஓட ஆரம்பித்தது. கிதார் தூரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. தெளிவாகக் கேட்டது ஒன்றுதான்: வலது பக்கத்துக் கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்த தட்டுச் சத்தம். அது ஹினேஸின் எதிர்த்தாளம். ரெலோவின் கை அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. ஒரு சுற்றில் கொஞ்சம், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மூன்றாவது சுற்றில் அதன்மேலேயே போய் உட்கார்ந்தது.

இரண்டு பேரின் தட்டும் ஒன்றாக விழுந்தது. அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, ஓட்டை. பின்னல் அவிழ்ந்தது. அம்மாள் வரியின் நடுவில் நிறுத்தினார்.

சந்தியாகோ பேட்டையில் பாட்டு நடுவில் நின்றால், அந்த அமைதியில் மூச்சு விடவும் கூசும். ரெலோ அப்போது தன் காலைப் பார்த்தார். வலது குதிகால் தன்பாட்டுக்குப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. பலகை வழியாக நிசெத்தோவின் கால் அதிர்வு அதற்கு வந்திருக்க வேண்டும். குதிகால் சரியாக இருந்தது. கைதான் வேறு இடத்தில் இருந்தது. அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

தெரிந்த பிறகுதான் அதைச் செய்தார். முன்னால் குனிந்து, அம்மாளையும் கிதாரையும் தாண்டி, மருமகனைப் பார்த்தார். அறுபது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“கையக் கீழ வை.”

ஹினேஸ் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை விரித்துப் பார்த்தான், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல. பிறகு முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். தலை குனிந்தது. சங்கம் முழுக்கத் தரையைப் பார்த்தது.

அம்மாள் தன் விரல் முட்டியால் நாற்காலியின் கையில் பன்னிரண்டைத் தட்டித் தாளத்தை மறுபடி எடுத்தார். ரெலோ தனியாகத் தட்டினார். எதிர்த்தாளம் இல்லாததால் சுவரிலிருந்து குழப்ப ஒன்றுமில்லை; குதிகாலைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார். அன்றைக்குச் சாப்பாட்டின்போது ஹினேஸ் பக்கத்தில் வந்து, “மன்னிச்சிருங்க மாமா, எப்படிப் போச்சுன்னே தெரியல” என்றான். ரெலோ வாய் நிறையக் கடலையோடு அவன் தோளில் தட்டினார். “விடு. எல்லாருக்கும் வர்றதுதான்.”

எல்லாருக்கும் வர்றதுதான். இதைச் சொன்ன வாயை அன்றிரவே அவர் வெறுத்தார்.

ஒரு மனுஷன் தன்னையே எப்படி ஏமாற்றிக்கொள்வான் என்பது ஆச்சரியம்தான். முதல் வாரம், ஒரு ஞாயிறு போனால் மறந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டார். மறு ஞாயிறு ஹினேஸ் வரவில்லை, அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினான். அடுத்ததற்கும் வரவில்லை. அவன் நாற்காலியில் நிசெத்தோவின் அண்ணன் உட்கார்ந்தான். பாயோவுக்கு, ஹித்தானோ அல்லாதவனுக்கு, அவ்வளவுதான் வரும், நம்ம ரத்தத்தில் இருக்க வேண்டும் என்று ரெலோ தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், பாதியிலேயே விட்டுவிட்டார். பட்டறையில் வளையம் அடிக்கும் சத்தம் கேட்டாலே உடம்பு கூசியது. தான் கட்டிய பட்டறையில், தன் பேர் எழுதிய பலகைக்கு அடியில், தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. எழுபத்தோரு வயதில் அவருக்கு அது புதிது.

மே மாதம் மிலாவின் இரண்டாவது குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயிலிலிருந்து வந்து முற்றத்தில் கூடினார்கள். குழந்தையின் தாய் ஆட வேண்டும், சுற்றி நின்று எல்லோரும் தட்ட வேண்டும். அது இல்லாமல் ஞானஸ்நானம் நிறையாது. கிழடு கட்டைகளெல்லாம் தட்டினார்கள். மிலா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்று ஆடினாள், கண்ணால் கூப்பிட்டாள். ஹினேஸ் கையைக் கால்சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றான். சிரித்தான், தலையை ஆட்டினான், கையை மட்டும் எடுக்கவில்லை.

ரெலோவுக்கு அந்த ரயில்வே அதிகாரியின் முகம் நினைவுக்கு வந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவை.

அன்று மாலை மிலா பாத்திரம் கழுவிக்கொண்டே அப்பாவிடம், சொல்லக் கூடாததைச் சொல்வதுபோலச் சொன்னாள். “வண்டியில ஒரு டிக் டிக் பெட்டி வாங்கி வச்சிருக்காருப்பா. பியானோ படிக்கிற பிள்ளைங்க வச்சிருக்குமே, அது. மத்தியானம் சோத்துக்கு வர்றதில்ல. அத வச்சுத் தட்டிக்கிட்டே இருக்காரு.”

மறுநாள் மதியம் ரெலோ பட்டறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். வெள்ளை வண்டி வேலி ஓரம் நின்றது. ஹினேஸ் உள்ளே உட்கார்ந்து அந்தப் பெட்டியை எதிரே வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். ரெலோ வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். ஒரு தட்டாவது பிசகியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிசகவில்லை. பேட்டையில் அதைவிடச் சுத்தமாகத் தட்ட ஆள் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஹினேஸ் நிறுத்தி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தான். சரியாகத் தட்டிவிட்டுத் தப்பு என்று தலையாட்டினான்.

ரெலோ வண்டிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே சொன்னார்.

“அன்னிக்குத் தப்பு என்னோடது. உன் கை சரியாத்தான் இருந்துச்சு. எனக்கு இடது காது கேக்காது. நான்தான் நகந்துட்டேன்.”

ஹினேஸ் பெட்டியை நிறுத்தினான். அவரைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

“மிலா அனுப்பிச்சாளா?”

“யாரும் அனுப்பல.”

“உங்களுக்குப் பெரிய மனசு மாமா. எனக்காக உங்க பேரையே கெடுத்துக்கப் பாக்கறீங்க. இத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா நீங்க தப்புவீங்கன்னு யார் நம்புவா? நானே நம்ப மாட்டேனே.”

இல்லை, நிஜம்தான் என்று ரெலோ அடித்துச் சொன்னார். சொல்லச் சொல்ல ஹினேஸ் இன்னும் உருகினான். கடைசியில் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். தன் வாழ்க்கையில் யாரும் கொடுத்த மரியாதையை வேண்டாம் என்று நினைக்காத ரெலோ, அந்த முத்தம் விழுந்த இடத்தைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே பட்டறைக்கு நடந்தார். பொய் சொன்னபோது நம்பினான். உண்மையைச் சொன்னால் புண்ணியவான் ஆக்கிவிட்டான்.

சாட்சி வேண்டும் என்று நிசெத்தோவின் வீட்டுக்குப் போனார். நிசெத்தோ கிதாருக்கு நரம்பு மாற்றிக்கொண்டிருந்தான். காது சமாச்சாரத்திலிருந்து வண்டி வரைக்கும் எல்லாவற்றையும் ரெலோ கொட்டினார். நிசெத்தோ நரம்பை முறுக்குவதை நிறுத்தவே இல்லை.

“தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“நீங்க நகந்தது. அங்குஸ்தியாஸ் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பின்வரிசையில நின்னவனுக்கும் தெரியும். கிதார் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? அத வச்சுப் பாத்தா யார் நகந்தான்னு தெரியாதா?”

“அப்புறம் ஏன் எல்லாரும் அவனப் பாத்துத் தரையைப் பாத்தீங்க?”

“அவனப் பாத்து யார் பாத்தா?” நிசெத்தோ இப்போதுதான் நிமிர்ந்தான். “உங்களப் பாத்துத்தான்ணே தரையைப் பாத்தோம்.”

பிறகு நிசெத்தோ தன் பங்கையும் சொன்னான். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் ஹினேஸிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பானாம். ஆனால் ரெலோவைத் தப்பு என்று முதலில் சொல்லும் வாய் தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று விட்டுவிடுவானாம். மற்றவர்களும் அப்படித்தான். பாவம், அவனே தலையைக் குனிந்துவிட்டான், அவனே ஒத்துக்கொண்ட பிறகு நாம் என்ன சொல்வது என்று எல்லோரும் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டார்கள். தெரியாமல் இருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். எவன் கை சரியாக இருந்ததோ அவனுக்கு.

ரெலோ அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மனைவி என்கார்னா என்ன ஏது என்று கேட்டாள். அவர் காதைப் பற்றிச் சொன்னார். என்கார்னா தட்டை எடுத்துக்கொண்டே, ஆறு வருஷமா உங்க வலது பக்கமாவே நடந்து வர்றேனே, அது எதுக்குன்னு நினைச்சீங்க என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் கடைசி ஞாயிறு, வெயில் காலத்துக்குச் சங்கத்தைப் பூட்டுவதற்கு முன் கடைசிக் கூட்டம். அங்குஸ்தியாஸ் அம்மாள் மறுபடி வந்திருந்தார். ரெலோ தானே கேட்டு அனுப்பியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. ஹினேஸை மிலா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கதவோரம் நிறுத்தியிருந்தாள்.

பாட்டு ஆரம்பிக்கும் முன் ரெலோ மேடையில் எழுந்து நின்றார். அவர் நின்றால் ஏதாவது பெருமை வரும் என்று சங்கத்துக்குத் தெரியும். பின்னால் ஒருவன், “பீப்பாய் இப்ப ஜப்பானுக்கும் போகுதாம்” என்றான். சிரித்தார்கள். ரெலோ காத்திருந்தார். பிறகு பிப்ரவரியில் தாளம் தப்பியது தான்தான் என்றும், தெரிந்தே பழியை மருமகன்மேல் போட்டதாகவும் சொன்னார். இரண்டே வாக்கியம். அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

கதவோரத்திலிருந்து ஹினேஸின் குரல் வந்தது. “வேணாம் மாமா. எனக்காக இப்படியெல்லாம் பண்ணாதீங்க.”

“நீ நம்ப மாட்டேன்னு தெரியும். மேல வா.”

“நான் தட்டுறதில்ல.”

“உன்னக் கெஞ்சச் சொல்றியா? சரி, கெஞ்சறேன். வா.”

அங்குஸ்தியாஸ் அம்மாள் திரும்பி அவனைப் பார்த்து, “ஏறுய்யா, எனக்கும் வயசாகுது” என்றார். ஹினேஸ் நாற்காலிகளுக்கு நடுவே வந்து ஏறி, கிதாருக்கு அந்தப் பக்கம் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான்.

ரெலோ தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது ஓரத்துச் சுவருக்குப் போனார். எல்லாம் பிப்ரவரியில் இருந்தபடியே: வலது காதுக்குச் சுவர், செத்த காதுக்கு மற்ற எல்லோரும். உட்கார்ந்தார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். இரண்டு குதிகாலையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் குதிகால்தான் அவரைக் கரை சேர்த்தது. அது தரையில் இருந்தால் இன்றும் காப்பாற்றிவிடும். “சோலேயா” என்று நிசெத்தோவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தட்ட ஆரம்பித்தார். ஹினேஸும் எதிர்த்தாளத்தை எடுத்தான். தப்ப வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார், ஆனால் கை கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக் கை. சரியாகத் தட்டுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு சுற்று போனது. இரண்டு போனது. மூன்று. சுவரிலிருந்து தெளிவாக, அழகாக அடி திரும்பி வந்தது. கை அதில் நன்றாகப் போய் உட்கார்ந்தது. ரெலோவுக்கு உள்ளே ஏதோ துள்ளியது. போகவில்லை, நமக்குப் போகவில்லை, பிப்ரவரி ஏதோ கெட்ட நேரம், இந்தக் காது இல்லாமலும் நான் நான்தான். முதுகு நிமிர்ந்தது. உதட்டில் சிரிப்பு வந்தது. எதற்காக இந்த நாற்காலியில் உட்கார்ந்தோம் என்பதையே மறந்து, தலையைச் சாய்த்து, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெருமையோடு தட்டினார்.

பிறகு பாட்டு வரவில்லையே என்று கண்ணைத் திறந்தார்.

சங்கம் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்து கதவு வரைக்கும், நிசெத்தோவும், மிலாவும், சமையல்காரனும்.

ஹினேஸ் மட்டும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேண்டுமென்று தப்பாகத் தட்டுகிறவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வராது. ஹினேஸ் தன் கையைப் பார்த்தான். அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்த்தாளத்திலிருந்து எப்போதோ அடித்தாளத்துக்கு மாறி, ஓட்டை விழுந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவன் அதைக் கீழே வைக்கவில்லை.

ரெலோ தன் கைகளை முழங்கால்மேல் வைத்தார். அங்குஸ்தியாஸ் அம்மாள் மூச்சை இழுத்து, ஹினேஸின் பன்னிரண்டில் ஏறிக்கொண்டு வரியை எடுத்தார். வரி முடிந்த இடத்தில் செத்த காதுப் பக்கம் யாரோ ஓலே என்றிருக்க வேண்டும், ஹினேஸின் பேரைச் சேர்த்து. ரெலோவுக்குக் கேட்கவில்லை. வாய்கள் அசைவதைத்தான் பார்த்தார்.